மண்ணெண்ணெயில் ஓடிய மைனர்

வணக்கம் ஐயா,

நான் இங்கிலாந்தில் பிறந்தவன். போன ஞாயிறு அப்பாவைப் பழைய கார்க் கண்காட்சி ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். ஒரு மொறிஸ் மைனரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். "யாழ்ப்பாணத்தில் இதை மண்ணெண்ணெயில் ஓட்டினோம்" என்று காரின் சொந்தக்காரரிடம் சொன்னார். அந்த மனிதர் சிரித்துவிட்டார். அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. உங்களிடமும் ஒரு மைனர் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். பெற்றோல் கார் மண்ணெண்ணெயில் ஓடுமா?

ச.

அன்புள்ள ச.,

ஓடும். ஓடியது. நானே ஓட்டினேன்.

1990இல், போர்க்காலத்தில், அரசின் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் எங்களுக்கு மருந்துமாதிரி. மூடியில் அளந்து ஊற்றுவோம். அப்போது புதுக் கார்களைவிடக் கைகொடுத்தவை ஏ40, கேம்பிரிட்ஜ், மைனர் போன்ற கிழடுகள்தான். அவற்றின் எஞ்சின், எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையை அவ்வளவாக நெருக்காது. நெருக்கம் கூடினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடித்து, சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும்.

ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே காலையில் ஒரு சடங்கு உண்டு. முன்மூடியைத் திறந்து, காற்று வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, தம்பி சூப்பியோடு நிற்பான். சூப்பி என்றால் குழாய் செருகிய சின்னப் போத்தல். உள்ளே கொஞ்சம் பெற்றோல். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபிரேற்றருக்குள் அவன் அதைப் பீச்சப் பீச்ச, நான் எஞ்சினைக் கையால் கிளப்பும் ஹான்டிலைச் சுற்றுவேன். எஞ்சின் பிடித்துக்கொண்டால் சூடேறும்வரை சூப்பியால் பால் கொடுக்கவேண்டும். பிறகு மண்ணெண்ணெய். பின்னால் வெள்ளைப் புகை, பள்ளிக்கூடச் சட்டையில் அடுப்பு மணம். செத்த வீட்டுக்குப் போனாலும் எஞ்சினை நிறுத்தமாட்டோம். படலையில் நின்று உறுமிக்கொண்டிருக்கும்.

எஞ்சின் எண்ணெயின் அளவு பார்க்கும் கம்பியைப் பற்றி அப்பாவிடம் கேளுங்கள். ஓட ஓட எண்ணெய் குறையவேண்டும் அல்லவா? எங்களுக்குக் கூடும்! எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எண்ணெயோடு கலந்துவிடும். விரலில் தொட்டால் பிசுக்கே இராது, தண்ணீர்போல ஓடும். அதோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். எங்களுடையதும் போயிற்று.

இதையெல்லாம் தாங்கிய கார் என்று காவியம் பாட வரவில்லை. வெயிலில் அது ஒரு போறணை. பிறேக்கை இரண்டுதரம் மிதிக்கவேண்டும். ஒருநாள் ஒழுங்கைத் திருப்பத்தில் முன்சில்லு உள்ளே மடிந்து, கார் மூக்குக் குத்திப் படுத்துவிட்டது. கிறீஸ் அடிக்கவேண்டிய இடத்தை மாதக்கணக்காக மறந்தவன் நான். பார்க்க வந்த பெடியள் கதவுத் தூணைத் தட்டினார்கள். பக்கத்திலிருந்து, திரும்பும் திசையைக் காட்டும் கைகாட்டி "டக்" என்று எழும்பி நின்றது. விழுந்து கிடந்த காரும் வலப்பக்கம் திரும்பப்போவதாகச் சொன்னதைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். பின்னேரமே ஒரு மெக்கானிக் பழைய சாமானைக் கடைந்து பூட்டி ஓடவைத்தார். நட்டுக் கழற்றும் சாவிகள் நாலைந்து, காரைத் தூக்கும் ஜக் ஒன்று, ஒரு சுத்தியல். அவருடைய கராஜில் அதைவிட வேறொன்றும் இருக்கவில்லை. இன்றைய என் கார் கோளாறைத் திரையில் எழுதிக் காட்டுகிறது. திருத்துவதற்குக் கை நுழைய இடமில்லை.

அடுத்தமுறை மைனரைக் கண்டால் முன்மூடியின் நடுவே ஓடும் தட்டைப் பட்டையைப் பாருங்கள். வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்குக் கார் ஒடுக்கமாகத் தெரிந்ததாம். மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் தள்ளிவைத்துப் பார்த்தார். 1948இல் அது வெளிவந்தபோது அந்த நான்கு அங்குலம் பட்டையாக நின்றது. இன்னொன்று: தொண்ணூறுகளில் இலங்கையின் தெற்கே மைனருக்குத் தகடுகள் அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். உங்கள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தவரின் மட்காட் எங்கள் நாட்டில் அடித்ததாகவும் இருக்கலாம்.

சிரித்ததற்காக அவரைக் கோபிக்கவேண்டாம். அந்த ஊர் வயல்களில் ஓடிய பழைய பேர்கசன் டிராக்டர்களில் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்போன்ற எண்ணெய்க்கு மாறி ஓடியதுதான். இத்தகைய கண்காட்சிகளில் டிராக்டர்களும் வருவதுண்டு. அப்பாவை முதலில் அந்தப் பக்கம் கூட்டிப் போங்கள்.