வெள்ளைக்காரன் இடிக்க மாட்டானா?

கேள்வி: லண்டன் போய்வந்தேன். முந்நூறு வருடத்து மாளிகைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். பழசைக் காப்பாற்றுவது அவர்கள் ரத்தத்தில் ஊறிய குணம். நமக்கு இடிக்க மட்டும்தான் தெரியும். சரிதானே?
- மதுரை வாசகர்

பதில்: சரியில்லை. தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு வந்து சான்றிதழ் கொடுக்கிறீர்கள். கிழக்கு லண்டனில் வான்ஸ்டெட் பக்கம் போயிருந்தால் ஒரு கோல்ஃப் மைதானமும் அதில் ஒரு பள்ளமும் கண்ணில் பட்டிருக்கும். வான்ஸ்டெட் மாளிகை நின்ற இடம் அது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜோசையா சைல்டு 1673-ல் வாங்கிய எஸ்டேட். (1688-ல் சென்னை மாநகராட்சி உருவாக முன்னின்றவரும் இவர்தான்.) மகன் ரிச்சர்ட் 1715-ல் காலின் கேம்பெல் என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு புது மாளிகை கட்டத் தொடங்கினார். எதை இடித்துவிட்டு? முதலாம் எலிசபெத் மகாராணி வந்து தங்கிய பழைய வீட்டை!

ஆனால் கட்டியதில் குறை சொல்ல முடியாது. போர்ட்லண்ட் கல்லில் 260 அடி நீள முகப்பு. கீழ்த்தளம் தாழ்வானது, வேலையாட்கள் புழங்க. விருந்தாளி வெளிப்படியேறி, உச்சியில் இலை வேலைப்பாடுள்ள ஆறு கொரிந்தியத் தூண்கள் தாங்கும் முக்கோண நெற்றியின் கீழ் நேராக முதல் மாடிக்குள் நுழைவார். ரோமானியக் கோயிலின் வாசலை வீட்டுக்கு வைத்த இந்த யோசனை அன்று இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளுக்குப் புதுசு. யார்க்‌ஷயரின் வென்ட்வொர்த் உட்ஹவுஸ் இதைப் பார்த்துப் போட்டதுதான்.

1805-ல் சிறுவனான தம்பி இறந்துபோக, சொத்தெல்லாம் ரிச்சர்டின் வம்சத்தில் வந்த கேத்தரின் டில்னி-லாங்கிடம் வந்தது. 1812-ல் அவர் கட்டிக்கொண்டது, பின்னால் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபுவின் அண்ணன் மகன் வில்லியத்தை. மாப்பிள்ளை மகா ஊதாரி. பத்தே வருடம், 1822 ஜூனில் கடனுக்காக வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஏலம் 32 நாள் நடந்தது. வீட்டை வீடாக வாங்க யாரும் வரவில்லை. 3,60,000 பவுண்டு விழுங்கியதாகப் பேசப்பட்ட மாளிகை, இடித்துக் கல்லை எடுத்துக்கொள்ள 10,000 பவுண்டுக்குப் போனது. 1825-ல் தரைமட்டம். அதே வருடம் கேத்தரினும் போய்ச் சேர்ந்தார், வயது 35. தடுக்க ஒரு சட்டமும் இல்லை.

ஒரு ஊதாரி செய்த பாவம் என்று நழுவப் பார்க்காதீர்கள். 1974-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், இடிபட்ட மாளிகைகளைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தது. பட்டியலில் ஆயிரத்துக்கு மேல்! வாரிசு வரி, விவசாய வருமானம் படுத்தது, வேலையாள் கிடைக்காதது... பெரும்பாலும் நம் ஊரிலும் சொல்கிற காரணங்கள்தான். வென்ட்வொர்த் உட்ஹவுஸ் தோட்டத்தில் 1946-ல் அரசாங்கமே நிலக்கரி தோண்டியது, ஏறக்குறைய வாசல்படி வரை.

பாதுகாக்க வேண்டியதென்று அரசாங்கம் பட்டியலிட்ட கட்டடத்தை இடிக்க முன்அனுமதி கட்டாயம் என்று அங்கே ஆனது 1968-ல்தான். அதுவரை கவுன்சிலுக்கு ஒரு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர்கள் மறிக்காவிட்டால், அப்புறம் கடப்பாரையைத் தூக்கலாம்.