தாய்ப்பாலுக்கு இப்போதே என்ன தயாரிப்பு?

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம், முதல் குழந்தை. மார்புக் காம்புகள் தட்டையாக இருப்பதால் தினமும் எண்ணெய் தொட்டு இழுத்துவிடச் சொல்கிறார் என் மாமியார். பால் போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில், பம்பும் பால்பவுடரும் இப்போதே வாங்கி வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: காம்பை இழுத்துவிடுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். கர்ப்ப காலத்தில் அப்படிச் செய்தால் பிறகு பாலூட்டுவது எளிதாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தவிரவும், காம்பைத் தூண்டும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால், குறைப்பிரசவ அபாயம் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். குழந்தை காம்பை மட்டும் சப்புவதில்லை. அதைச் சுற்றியுள்ள கருநிற வட்டத்தின் பெரும்பகுதியையும் சேர்த்து வாய்க்குள் வாங்கித்தான் குடிக்கிறது. ஆகவே தட்டையான காம்பு உள்ளவர்களும் பாலூட்டலாம். முதல் சில நாட்கள் குழந்தையைப் பற்றவைக்க நர்ஸின் உதவி தேவைப்படலாம், அவ்வளவுதான். அந்த வட்டத்தில் சிறு புடைப்புகளாகத் தெரியும் சுரப்பிகளே எண்ணெய்ப்பசையைத் தந்துவிடுவதால், அங்கே சோப்பும் வேண்டாம்.

பால் போதுமா என்ற பயத்துக்கு வருகிறேன். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே சீம்பால் உருவாகத் தொடங்கிவிடுகிறது. சிலருக்கு இப்போதே கசியும், கசியாவிட்டாலும் குறையொன்றுமில்லை. ஆனால் நஞ்சுக்கொடி வெளியேறி, புரோஜெஸ்டிரோன் என்ற கர்ப்பகால ஹார்மோனின் அளவு இறங்கிய பிறகுதான் பால் பெருகும் என்பதால், அதற்குப் பிரசவத்துக்குப் பின் 2 முதல் 4 நாட்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பல வீடுகளில் ‘பால் இல்லை’ என்று முடிவுகட்டி, பவுடர் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். உண்மையில், முதல் நாளில் ஒரு வேளைக்குக் குழந்தைக்குத் தேவைப்படுவது சில மில்லிதான். அதற்குச் சீம்பால் போதும். குழந்தை அடிக்கடி குடிக்கக் குடிக்கத்தான் சுரப்பு கூடும். தேவையின்றிப் பவுடரால் பசியை ஆற்றினால் அந்தத் தூண்டுதல் குறையும். அலமாரியில் டப்பா இருந்தால், நள்ளிரவு அழுகையின்போது அதைத் திறக்காமல் இருப்பது கடினம் என்பதால், வாங்கி வைக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. வேலைக்குத் திரும்பும்போது தேவையென்றால் பம்ப் வாங்கிக்கொள்ளலாம்.

நீங்கள் செய்ய வேண்டிய ஏற்பாடு பிரசவ நாளைப் பற்றியது. பிறந்த 1 மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மருத்துவமனையில் அதற்கு வழி உண்டா, குழந்தையை உங்கள் அருகிலேயே வைத்திருப்பார்களா என்று இப்போதே கேளுங்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்திருப்பதால், அப்போதும் விரைவிலேயே பாலூட்டலாம். சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு, முன்பு மார்பில் செய்த அறுவைச் சிகிச்சை ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். சேனை வைப்பது, தேன் தடவுவது ஆகியவை கூடாது என்பதை, குறிப்பாக ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோய் வரக்கூடும் என்பதை, நீங்கள் சொல்வதைவிட மருத்துவர் சொன்னால் மனத்தாங்கல் இருக்காது.

ஐந்தாம் நாளிலிருந்து குழந்தை ஒரு நாளைக்கு 6 முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால், பால் போதுகிறது என்று கொள்ளலாம். அப்படி இல்லையென்றாலோ, குழந்தை குடிக்காமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் புட்டிப்பால் சிறிது காலம் தேவை என்றால், குற்ற உணர்வின்றிக் கொடுங்கள்.