மின்னூல் வாசிப்புக் கருவிகள்: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் அமேசானின் கிண்டில், கோபோ போன்ற மின்னூல் வாசிப்புக் கருவி வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இனிமேல் கேள்வி அனுப்புவோர் கருவியின் மாதிரிப் பெயரையும், அமைப்புகள் பக்கத்தில் காணப்படும் மென்பொருள் பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு கருவிகள் உள்ளே முற்றிலும் வேறானவையாக இருப்பதுண்டு. ஒன்றுக்குச் சொன்ன வழி மற்றொன்றைக் கெடுத்துவிடக்கூடும்.

ஐயா, நான் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் கிண்டிலில், மரத்தடியில் சிறுவன் அமர்ந்திருக்கும் படம் வந்து அப்படியே நின்றுவிடுகிறது. கைப்பேசிக் கடையில் காட்டியபோது பலகை போய்விட்டது என்றார்கள். வேறு வாங்கத்தான் வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம் ஐயா. அந்தப் படம் தோன்றுகிறது என்றாலே திரையும், மின்கலமும், தொடக்க நிரலும் ஓரளவுக்கேனும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். முதலில், கைப்பேசியின் வேக மின்னேற்றியைத் தவிர்த்து, 5 வாட் அளவிலான பழைய மின்னேற்றியிலோ கணினியின் யூ.எஸ்.பி. துளையிலோ இணைத்து, சில மணி நேரம் விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த கருவியின் மின்கலம் முழுவதுமாக வடிந்துபோயிருந்தால், தொடங்கும் நேரத்தில் தேவைப்படும் மின்சாரத்தை அதனால் தர முடியாது. அதனாலேயே படத்தோடு நின்றுவிடும். பிறகு, விசையை 40 விநாடி விடாமல் அழுத்திப் பிடித்து விடுங்கள். பலர் பத்து விநாடியில் கையை எடுத்துவிட்டு, செய்து பார்த்தாகிவிட்டது என்கிறார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால், கணினியில் இணைத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் கோப்புறைகள் தெரிந்தால் பெரும்பாலும் கருவியை மீட்டுவிடலாம். கடைசியாக ஏற்றிய நூல்களை நீக்கி, சேமிப்பிடம் நிரம்பியிருந்தால் கொஞ்சம் காலி செய்து, தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து உங்கள் மாதிரிக்கு உரிய மென்பொருள் கோப்பை இறக்கி, எந்தக் கோப்புறைக்குள்ளும் வைக்காமல் வெளியிலேயே போட்டு, கருவியை மீண்டும் தொடக்கிப் பாருங்கள். கணினியில் எதுவுமே தெரியாமல், படம் தோன்றி மறைந்து தோன்றிக்கொண்டே இருந்தால், உட்பகுதியைத் திறந்து கம்பி பற்றவைத்துப் பார்க்கும் வேலை வரும். அதை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கோபோ கருவியில் தமிழ் நூலைத் திறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. இடையிடையே புள்ளி வட்டங்கள் வருகின்றன. வேறு வேறு எழுத்துருக்களைப் போட்டுப் பார்த்தும் பயனில்லை. என்ன காரணம்?

எழுத்துருவை மாற்றி இதைத் தீர்க்க முடியாது, டீச்சர். கருவியில் தமிழ் கெட்டுத் தெரிவதற்கு மூன்று காரணங்கள் உண்டு, மூன்றையும் கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை. ஆங்கிலமும் குறியீடுகளும் கலந்த குப்பையாகத் தெரிந்தால் கோப்பு பழைய குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் பழைய முறையில் இருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது மூன்றாவது வகை: எழுத்துரு இருக்கிறது, ஆனால் எழுத்துகளை அடுக்கத் தெரிந்த நிரல் அங்கே இல்லை.

இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரமாகவும் அதன்பின் எகரக் குறியாகவும், நாம் ஒலிக்கும் வரிசையிலேயே சேமிக்கப்படுகிறது. குறியை எடுத்து எழுத்துக்கு முன்னால் வைப்பதும், 'கொ' என்பதில் அதையே இரண்டாகப் பிளந்து இருபுறமும் நிறுத்துவதும், திரையில் வரையும் நிரலின் வேலை. கோபோவில் இரண்டு வரைநிரல்கள் இருக்கின்றன. ஈபப் எனப்படும் பொதுவான மின்னூல் வடிவக் கோப்பை அடோபியின் நிரல் திறக்கிறது. இந்திய மொழிகளை அடுக்குவதில் அது தேறுவதில்லை. கேபப் எனப்படும் கோபோவின் சொந்த வடிவத்தை வேறொரு நிரல் திறக்கிறது. அது இந்த வேலையைப் பெரும்பாலும் சரியாகச் செய்கிறது.

ஆகவே நூலைக் கேபப் வடிவத்துக்கு மாற்றி ஏற்றுங்கள். கணினியில் மின்னூல்களை ஒழுங்குபடுத்தவும் வடிவம் மாற்றவும் உதவும் காலிபர் என்ற இலவச மென்பொருளில், 2025இல் வந்த 8ஆம் பதிப்பு முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அப்போதே நூல் விவரத்தில் மொழி ஆங்கிலம் என்றிருந்தால் தமிழ் என்று திருத்திவிடுங்கள். கருவியின் சேமிப்பகத்தில் எழுத்துருக்களுக்கென்று ஒரு கோப்புறை உருவாக்கி, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றை அதில் போட்டு, நூலைத் திறந்து அதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் கொம்பு இடம் மாறினால், கேஓரீடர் என்ற இலவச வாசிப்பு மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். அதன் எழுத்துரு அமைப்பில் எழுத்துகளை அடுக்கும் தரத்தை மிகச் சிறந்தது என்று வைத்தால், முழுமையான அடுக்குநிரல் இயங்கும். என் அனுபவத்தில் தமிழுக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை.

இன்னொன்று. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், இருபுறமும் சமன் செய்த பத்தியில் சொற்களுக்கிடையே பெரிய இடைவெளிகள் விழும். இடப்புறம் மட்டும் சமன் செய்யுமாறு மாற்றிவிடுங்கள்.

நான் 1990களில் முரசு அஞ்சலில் தட்டெழுதிய கட்டுரைகளையும், அக்காலத்தில் இணையத்திலிருந்து எடுத்த மதுரைத் திட்ட நூல்களையும் கிண்டிலில் படிக்க விரும்புகிறேன். திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளாக வருகின்றன.

மேலே டீச்சருக்குச் சொன்ன இரண்டாவது வகை இது, அண்ணன். யூனிகோடு பரவுவதற்கு முன், திஸ்கி போன்ற எட்டுப் பிட்டுக் குறியாக்கங்களில் தமிழ் எழுதப்பட்டது; ஐரோப்பிய மொழிகளின் மேற்குறி எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்துகள் அமர்ந்திருந்தன. அதற்குரிய எழுத்துரு இல்லாத இடத்தில் பழைய ஐரோப்பிய எழுத்துகளே வெளிப்படும். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் பல தலைமுறைகளைக் கடந்துவந்த மென்பொருள். எனவே கோப்பு எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்பதை ஒரு பத்தியை மட்டும் மாற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பிறகு மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றுங்கள். மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். பெயர்ச் சொற்களிலும், இடையில் வந்த ஆங்கிலச் சொற்களிலும் மாற்றிகள் பிழை செய்யும்.

மதுரைத் திட்ட நூல்களை மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 1998இல் தொடங்கிய அந்தத் திட்டம் பின்னர் யூனிகோடு பதிப்புகளையும் வெளியிட்டிருக்கிறது, புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

எஸ்.டி.பி.எம். படிக்கும் மாணவி நான். கிண்டிலின் பூட்டை உடைத்தால் எல்லாம் செய்யலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா, அண்ணா?

பூட்டை உடைப்பது என்றால், தயாரிப்பாளர் அனுமதிக்காத மென்பொருளையும் கருவியில் நிறுவ வழி செய்வது. என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், தங்கச்சி. வேறு எழுத்துரு வேண்டும் என்றால் பூட்டை உடைக்கத் தேவையில்லை. 2018க்குப் பின்னர் வந்த மென்பொருளில், எழுத்துருக் கோப்புறைக்குள் கோப்பைப் போட்டாலே போதும். ஈபப் நூலைப் படிக்க வேண்டும் என்றாலும் தேவையில்லை. 2022 முதல் கிண்டிலுக்கு அனுப்பும் சேவை ஈபப்பை ஏற்றுக்கொள்கிறது. கம்பி வழியே நேரடியாகப் போட்ட ஈபப்பைத்தான் கருவி திறக்காது. அதைக் காலிபரில் ஏ.இசட்.டபிள்யூ.3 வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கேஓரீடர் வேண்டும், உறக்கத்திரையில் விருப்பமான படம் வேண்டும் என்றால் மட்டுமே பூட்டை உடைப்பதில் பொருள் இருக்கிறது.

உடைப்பு வழிகள் எல்லாம் மென்பொருளில் உள்ள ஏதேனும் ஓர் ஓட்டையைப் பயன்படுத்துபவை. 2025 ஜனவரியில் வெளியான வின்டர்பிரேக் என்ற வழி, கிண்டில் மென்பொருளின் 5.18.1க்கு முந்தைய பதிப்புகளில்தான் வேலை செய்யும். அந்தப் பதிப்பில் அமேசான் ஓட்டையை அடைத்துவிட்டது. ஆகவே இந்த எண்ணம் உள்ளவர்கள் கருவியை விமானப் பயன்முறையில் வைத்திருங்கள். இணையத்தில் விட்டால் அது இரவோடு இரவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். உத்தரவாதம் போகும், தவறு நடந்தால் கேட்க ஆளில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பால்மரத்தில் கத்தி பட்டையோடு நின்றால் பால் வரும், உள்மரத்தைத் தொட்டால் காயந்தான் மிஞ்சும். தேர்வு முடியும்வரை எழுத்துருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

தம்பி, சிங்கப்பூரில் இருக்கும் மகன் தன் பழைய கிண்டிலைக் கொடுத்துவிட்டுப் போனான். கடவு எண் கேட்கிறது; அவனுக்கும் மறந்துவிட்டது.

கடவு எண் கேட்கும் இடத்தில் 111222777 என்று உள்ளிடுங்கள், அக்கா. கருவி தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். உள்ளே இருந்த நூல்களும் குறிப்புகளும் அழிந்துவிடும். பிறகு உங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளலாம். முன்பின் தெரியாதவரிடம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: தொலைந்துபோனதாகப் புகார் கொடுக்கப்பட்ட கருவியை எத்தனை முறை அழித்தாலும் அமேசான் பதிவு செய்ய விடாது. காசு கொடுப்பதற்கு முன்பே பதிவு செய்து பாருங்கள்.

என் கோபோ கிளாரா எச்.டி. அடிக்கடி உறைந்து, இப்போது தொடங்கவே இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருக்கிறது. தொடக்க நிலைக்குக் கொண்டுபோயும் மாற்றமில்லை.

இது எனக்குப் பிடித்த பழுது, ஏனென்றால் இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. 2018இல் வந்த இந்த மாதிரியில் சேமிப்பகம் பலகையோடு ஒட்டப்பட்ட சில்லு அன்று. பின்மூடியைக் கழற்றினால் உள்ளே 8 ஜி.பி. மைக்ரோ எஸ்.டி. அட்டை ஒன்று இருக்கும். ஆண்டுக்கணக்கில் எழுதி அழித்து அந்த அட்டை களைத்துவிட்டால், நீங்கள் சொல்லும் குறிகள் தோன்றும். தொடக்க நிலைக்குக் கொண்டுபோனாலும் அதே அட்டையில்தான் மறுபடி எழுதப்படுகிறது. அதனால்தான் உங்களுக்குப் பலனில்லை.

மெல்லிய பிளாஸ்டிக் கருவியால் மூடியை ஓரமாக நெம்பி எடுத்து, அட்டையைக் கணினியில் இட்டு, முழு அட்டையையும் ஒரே படிமக் கோப்பாக, அதாவது அட்டையின் அச்சு அசலான முழு நகலாக எடுங்கள். கோப்புறைகளை மட்டும் நகலெடுத்தால் பயனில்லை. கருவியின் வரிசை எண்ணும் வன்பொருள் விவரமும் அட்டையின் சேமிப்புப் பிரிவுகளுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் படிமத்தைப் புதிய, தரமான அட்டையில் எழுதிப் பொருத்துங்கள். அட்டை முழுதாகச் செத்துப்போவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும். படிமம் கையில் இல்லாவிட்டால் வேலை பல மடங்கு கடினமாகும். ஆகவே கருவி நன்றாக ஓடும்போதே ஒரு படிமம் எடுத்து வைத்துக்கொள்பவர் புத்திசாலி.

எல்லாக் கோபோவிலும் இப்படி இல்லை. உங்கள் மாதிரியில் அட்டை உண்டா என்று பார்த்துவிட்டு மூடியில் கைவையுங்கள்.

நூற்றுக்கணக்கான நூல்களை ஒரே நேரத்தில் ஏற்றிய பிறகு, கிண்டிலின் மின்கலம் இரண்டே நாளில் தீர்ந்துவிடுகிறது.

ஏற்றிய ஒவ்வொரு நூலையும் கருவி சொல் சொல்லாகப் படித்துத் தேடல் அட்டவணை போடுகிறது. மின்னேற்றியில் இணைத்து ஓர் இரவு விட்டால் பெரும்பாலும் முடிந்துவிடும். முடியாவிட்டால், கெட்டுப்போன ஒரு கோப்பில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். பழைய மென்பொருளில், பொருளற்ற எழுத்துக் கோவையைத் தேடினால் அட்டவணையாகாத நூல்களின் பட்டியல் வரும். அதில் நகராமல் நிற்கும் நூலை நீக்குங்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தின் பழைய நூல்கள் ஆறு அங்குலத் திரையில் எறும்பாகத் தெரிகின்றன. எழுத்தைப் பெரிதாக்க முடியவில்லை.

அவை பக்கங்களை ஒளிவருடி எடுத்த படங்கள். அவற்றுக்குள் எழுத்து இல்லை, எழுத்தின் படமே இருக்கிறது. கேஓரீடரில் மறுவரிசை வசதியை இயக்கினால், பக்கப்படத்தைச் சொல் சொல்லாக வெட்டித் திரையின் அகலத்துக்கு ஏற்ப மீண்டும் அடுக்கித் தரும். உரைநடைக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. செய்யுளும் உரையும் கலந்த பதிப்பில் அடிகள் உடைந்து குழம்பும். அங்கே ஓரங்களை வெட்டிவிட்டு, கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பி, அரைப்பக்கம் அரைப்பக்கமாகப் படிப்பதே மேல்.

கேஓரீடரில் தமிழ் அகராதி நிறுவினேன். பாதிச் சொற்களுக்குப் பொருள் கிடைப்பதில்லை.

'வீட்டிற்கு' என்ற சொல்லைத் தொட்டால் கருவி 'வீட்டிற்கு' என்றே தேடும்; அகராதியிலோ 'வீடு' மட்டுமே இருக்கும். வேற்றுமை உருபையும் சாரியையையும் கழற்றிப் பார்க்கும் அறிவு இந்த மென்பொருளுக்கு இல்லை. தேடுசொல்லைத் திருத்தும் வசதி அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. வேர்ச்சொல்லை நீங்களே தட்டெழுதித் தேடுங்கள். ஒரு சொல்லுக்குமே பொருள் வரவில்லை என்றால் கோளாறு வேறு: அகராதியின் மூன்று கோப்புகளும் ஒரே பெயரில், ஒரே கோப்புறையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் இயங்கும் போக்ஸ் கருவியில் நாளிதழ்ப் பக்கங்களைப் படிக்கும்போது முந்தைய பக்கத்தின் நிழல் தங்குகிறது. திரை கெட்டுவிட்டதா?

கெடவில்லை. மின்மைத் திரையில் வேகமும் தெளிவும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. வேகப் பயன்முறையில் கறுப்பு வெள்ளைத் துகள்கள் முழுமையாக இடம் மாறுவதற்குள் அடுத்த பக்கம் வந்துவிடுவதால் நிழல் தங்குகிறது. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே புதுப்பிப்பு முறையை வைக்கலாம்: நூல் படிக்கும் செயலிக்குச் சாதாரண முறை, உலாவிக்கு வேக முறை. முழுப் புதுப்பிப்புக்குப் பிறகும், மறுதொடக்கத்துக்குப் பிறகும், அதே இடத்தில் அதே கோடு நின்றால் மட்டும் திரையின் உட்கண்ணாடி உடைந்திருக்கிறது. அதற்கு மென்பொருளில் வழி இல்லை, திரையை மாற்றவே வேண்டும்.