வெள்ளி ரூபாயும் திரை ரூபாயும்

கேள்வி: உம்மம்மாவின் பெட்டியில் விக்டோரியா ராணி தலை போட்ட, 1862 என்று பொறித்த ரூபாய்கள் கிடந்தன. உருக்கிக் கொலுசு செய்யலாம் என்கிறார் ஆசாரி. செய்யலாமா? – வாசகி, கீழக்கரை

பதில்: தயவுசெய்து உருக்காதீர்கள். பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். ஒவ்வொன்றும் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 16-ஆம் நூற்றாண்டில் ஷேர் ஷா அடித்த வெள்ளி ரூபாயும் கிட்டத்தட்ட இதே எடைதான். 1835-இல் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசு இந்த எடையையே பொதுவாக்கியது. 1940-இல் ரூபாய் நாணயத்தில் வெள்ளி இரண்டில் ஒரு பங்காகக் குறைந்தது. 1947-இல் வெறும் நிக்கல் ஆனது. அதற்குப் பிறகு ரூபாயின் மதிப்பு உலோகத்தில் இல்லை, அரசு கொடுக்கும் வாக்கில் இருக்கிறது.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருந்த என் மகன், கைப்பேசியில் பகடை உருட்டும் தளம் ஒன்றில் சேர்ந்துவிட்டான். “கணக்கெல்லாம் நம் ரூபாயில்தான், யுபிஐ-யில்தான் கட்டுகிறேன், ஒவ்வொரு உருட்டலையும் சரிபார்க்கலாம், ஏமாற்று இல்லை” என்கிறான். பணம் கட்டிய ரசீதுகளை இணைத்திருக்கிறேன். ரூபாயில் நடப்பதால் அது அனுமதி பெற்றதுதானா, ஐயா? – வாசகி, பாம்பன்

பதில்: இல்லை அம்மா. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதையும் நடத்தக் கூடாது என்கிறது.

வங்கியில் காசாளராக இருந்தவன் நான். உங்கள் ரசீதுகளைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. பணம் பெற்றவர் பெயர் ஒவ்வொன்றிலும் வேறு: ஒன்றில் மளிகைக் கடை, ஒன்றில் தையலகம், ஒன்றில் யாரோ தனிநபர். தளத்தின் பெயர் எதிலும் இல்லை. கமிஷன் கொடுத்துப் பிறரிடம் வாங்கிய வங்கிக் கணக்குகளில் பணம் இப்படித்தான் கைமாறும்.

நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். கொண்டுவருபவருக்கு நூறு ரூபாய் தருவேன் என்ற உறுதியின் கீழே ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இருக்கும். உங்கள் மகனின் திரையில் தெரியும் ரூபாய்க் குறியின் கீழே எவர் கையெழுத்தும் இல்லை. அது தளத்துக்காரர் எழுதிக்கொண்ட எண். வென்ற பணத்தைக் கேட்கும்போது கணக்கை மூடிவிட்டால், அவன் எந்தக் கவுன்ட்டரில் போய் நிற்பான்? அந்தக் குறியை வடிவமைத்தவர் நம் தமிழ்நாட்டு உதயகுமார். 2010-இல் அரசு அதை ஏற்றபோது எவ்வளவு பெருமைப்பட்டோம்! அது இதற்குப் பயன்படுவதைக் காணப் பொறுக்கவில்லை.

சரிபார்க்கலாம் என்று அவன் சொல்வதில் உண்மை உண்டு. உருட்டும் முன்பே ஒரு ரகசிய எண்ணைப் பூட்டி வைத்து, பிறகு திறந்து காட்டும் முறை அது. இடையில் எண்ணை மாற்றவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. இழப்போ விதியிலேயே இருக்கிறது. வைத்த பணத்துக்கு இரு மடங்கு தரும் பந்தயத்தில், வெல்லும் வாய்ப்பை நூற்றுக்கு 49.5 என்று வைப்பது இத்தகைய தளங்களில் வழக்கம். அப்படியானால் நூறு ரூபாய்ப் பந்தயத்தில் சராசரியாக ஒரு ரூபாய் அவர்களுக்கு. அற்பமாகத் தோன்றும், ஆனால் ஓர் உருட்டலுக்கு ஒரு நொடி போதும். தோற்றால் இரட்டித்து வை என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். பத்து ரூபாயில் தொடங்கி வரிசையாகப் பத்து முறை தோற்றால் போவது 10,230 ரூபாய். பத்து உருட்டலும் தோற்கும் வாய்ப்பு ஏறக்குறைய 930-இல் ஒன்று. ஓர் இரவில் ஆயிரம் முறை உருட்டுகிறவனுக்கு அது தொலைவில் இல்லை. இந்தக் கணக்கை அவனையே தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடலில் டீசல் கணக்குப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு இது புரியும்.

திட்டாமல் ஒன்றைக் கேளுங்கள்: தன் வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ கமிஷனுக்காக யாரிடமாவது கொடுத்திருக்கிறானா? கொடுத்திருந்தால் நாளைக் காலையே வங்கிக்குச் சென்று எழுத்தில் தெரிவியுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் சொல்லுங்கள். மோசடிப் பணம் ஒருமுறை வந்து போனாலும் கணக்கு முடக்கப்படலாம். தடைக்கால நிவாரணம் அந்தக் கணக்குக்கு வருவதாக இருந்தால் அதுவும் சிக்கிக்கொள்ளும்.