பேட்டரியில் ஓடும் சென்சார் வலை: எந்த ரேடியோ போர்டை வாங்குவது?

கேள்வி: தோட்டத்தில் ஆறு இடங்களில் மண்ணின் ஈரத்தையும் வெப்பநிலையையும் அளந்து, வீட்டுக்குள் இருக்கும் ஒரு போர்டுக்கு ரேடியோ வழியாக அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். "தூக்க நிலையில் வெறும் 0.1 மைக்ரோஆம்பியர்" என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்ததை நம்பித்தான் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் நான்கு ஏஏ பேட்டரி போட்டும் இரண்டே வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. போலிச் சிப்பைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: சிப் அசலாகவே இருக்கலாம். ஆர்எஃப்எம்69 போன்ற ரேடியோக்கள் தூங்கும்போது உண்மையிலேயே 0.1 மைக்ரோஆம்பியர் அளவில்தான் எடுக்கின்றன. ஆனால் அது ரேடியோவுக்கு மட்டும் உள்ள கணக்கு. போர்டில் கூடவே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (நிரலை ஓட்டும் சின்னக் கணினிச் சிப்), ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் (பேட்டரியின் வோல்டேஜைக் குறைத்துச் சீராக்குவது), எந்நேரமும் எரியும் ஒரு சின்ன எல்இடி எல்லாம் இருக்கும். விற்பவர் அவற்றைப் பற்றிப் பேசவே மாட்டார்.

உங்கள் போர்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூன்று கால்களோடு முதுகில் ஒரு பட்டையான தகடு உள்ள கறுப்புச் சிப் ஒன்று இருக்கிறதா? அதன்மேல் ஏஎம்எஸ்1117 என்று அச்சிட்டிருக்கிறதா? இருந்தால் திருடன் அகப்பட்டான். அந்த ரெகுலேட்டர் எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருப்பதற்கே சுமார் 5 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்ளும் (ஒரு மில்லிஆம்பியர் என்பது ஆயிரம் மைக்ரோஆம்பியர்). எல்இடி இன்னொரு 1 மில்லிஆம்பியர் என்று வையுங்கள். ஏஏ பேட்டரியில் 2,000 மில்லிஆம்பியர்-மணி இருக்கிறது என்றால், 2,000-ஐ 6-ஆல் வகுத்தால் 333 மணி நேரம். கிட்டத்தட்டப் பதினான்கு நாள். (நான்கு பேட்டரியை வரிசையாகக் கோத்தால் வோல்டேஜ்தான் கூடும், இந்த 2,000 கூடாது.)

இப்போது நல்ல போர்டின் கணக்கைப் பாருங்கள். எம்சிபி1700 ரெகுலேட்டர் சுமார் 1.6 மைக்ரோஆம்பியர். ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர், தன்னை எழுப்பிவிடும் வாட்ச்டாக் டைமரை மட்டும் ஓடவிட்டுத் தூங்கினால் சுமார் 5. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, 0.1 நொடி நேரம் 50 மில்லிஆம்பியர் எடுத்து அனுப்பிவிட்டுத் தூங்கப் போனால், அதன் சராசரி சுமார் 8 மைக்ரோஆம்பியர். எல்லாம் சேர்த்து 15 மைக்ரோஆம்பியர் என்று கொள்வோம். அதே பேட்டரி காகிதக் கணக்கில் 15 ஆண்டு வரும். நடைமுறையில் அதற்கு முன்பே பேட்டரி வயதாகிச் செத்துவிடும், அது வேறு விஷயம். ரேடியோவை மாற்றாமலேயே இரண்டு வாரம் பல ஆண்டாகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆக, வாங்கும் முன் விற்பவரிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: "பேட்டரியிலிருந்து பார்த்தால், முழு போர்டும் தூங்கும்போது எவ்வளவு எடுக்கும்?" இதற்கு மைக்ரோஆம்பியரில் ஒரு எண்ணாகப் பதில் வராவிட்டால் அந்தப் போர்டை விட்டுவிடுங்கள்.

கையில் இருப்பதைத் தூக்கி எறியவேண்டாம். எல்இடிக்குப் பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டரை சாலிடர் அயர்ன் வைத்து எடுத்துவிடுங்கள். ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டு இரண்டு ஏஏ பேட்டரியை நேராகக் கொடுக்கலாம், ஆனால் மைக்ரோகன்ட்ரோலர் அந்த வோல்டேஜிலும், பேட்டரி இறங்க இறங்கவும் ஓடுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும். புதிய ஏஏ இரண்டு சேர்ந்தால் சுமார் 3.2 வோல்ட், ரேடியோவின் உச்சவரம்பு 3.6. மூன்று பேட்டரி போட்டால் ரேடியோ போய்விடும். மண் ஈர சென்சாரையும் கவனியுங்கள். கெப்பாசிட்டிவ் வகை சென்சாருக்கு எந்நேரமும் மின்சாரம் கொடுத்துவைத்தால் அதுவே சில மில்லிஆம்பியரைக் குடிக்கும். மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு காலிலிருந்து (பின்) மின்சாரம் கொடுத்து, அளக்கும் நேரத்தில் மட்டும் உயிர்கொடுங்கள்.

கேள்வி: என்ஆர்எஃப்24, ஆர்எஃப்எம்69, லோரா, வைஃபை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வீட்டைச் சுற்றி நூறு மீட்டருக்குள் ஏழெட்டு சென்சார். எதை வாங்குவது?

பதில்: உங்கள் தேவைக்கு நான் ஆர்எஃப்எம்69 பக்கம்தான் நிற்பேன். காரணத்தைச் சொல்கிறேன்.

வைஃபை போர்டுகள் வசதியானவை, மறுக்கவில்லை. இஎஸ்பி32 சிப்கூட ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோஆம்பியர் அளவுக்கு இறங்கும். சிக்கல் விழித்த பிறகுதான். ரூட்டரைத் தேடி, கடவுச்சொல் கொடுத்து, முகவரி வாங்கி, தகவலை அனுப்பி முடிக்கச் சில நொடிகள் ஆகலாம். அவ்வளவு நேரமும் 100 மில்லிஆம்பியரை ஒட்டி ஓடும். மூன்று நொடி என்று வைத்தால், மேலே சொன்ன 0.1 நொடிக் கணக்கைவிட அறுபது மடங்கு. கையில் ஏற்கெனவே இஎஸ்பி போர்டுகள் இருந்தால் ரூட்டரோடு இணையாமலே போர்டுக்குப் போர்டு அனுப்பும் இஎஸ்பி-நவ் முறையைப் பயன்படுத்துங்கள். விழித்திருக்கும் நேரம் வெகுவாகக் குறையும். புதிதாக வாங்குகிறவர் பேட்டரி சென்சாருக்கென்று வைஃபையைத் தேடிப்போக வேண்டியதில்லை.

என்ஆர்எஃப்24எல்01+ மலிவு, வேகம், தூக்கத்தில் 0.9 மைக்ரோஆம்பியர். ஆனால் அது ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் இருக்கின்றன, சுவர்களும் அந்த அலையை நன்றாகவே விழுங்கும். ஒரே அறைக்குள் என்றால் தாராளமாக வாங்கலாம். நீண்ட ஆன்டெனாவோடு வரும் "அதிக தூர" வகையை வாங்கினால் அனுப்பும்போது 100 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆர்டுயினோ யூனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் 3.3 வோல்ட் பின் தருவதோ 50 மில்லிஆம்பியர். பலர் "போர்டு வேலை செய்யவில்லை" என்று திருப்பி அனுப்புவது இதனால்தான். ரேடியோவுக்குத் தனியாக மின்சாரம் கொடுத்து, அதன் கால்களை ஒட்டியே 10 முதல் 100 மைக்ரோஃபேரட் வரையிலான கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆர்எஃப்எம்69 ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடுவதால் சுவர், செடி, மரம் எல்லாவற்றையும் ஓரளவு சமாளிக்கும். ஏஇஎஸ்-128 குறியாக்கம் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றுவது) சிப்பிலேயே இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் அதே போர்டை வாங்கினால் உங்கள் தகவலை அவர் படிக்கவும் கூடாது, உங்கள் மோட்டாரை அவர் ஓட்டவும் கூடாது அல்லவா?

லோரா வெகுதூரத்துக்கானது. பரவல் எண் என்று ஒன்றை அதில் 7 முதல் 12 வரை வைக்கலாம்; எண் கூடக் கூடத் தகவல் மெதுவாக, ஆனால் அதிக தூரம் போகும். 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 20 பைட் தகவலை அனுப்ப 7-இல் சுமார் 57 மில்லிநொடி ஆகும். 12-இல் 1.3 நொடிக்கு மேல். தூரம் கூடுகிறது, பேட்டரிச் செலவும் இருபது மடங்குக்கு மேல் கூடுகிறது. "பத்து கிலோமீட்டர்" என்ற விளம்பரம் நடுவில் மறைப்பே இல்லாத வெட்டவெளிக்குச் சொன்னது. நூறு மீட்டருக்கு அது தேவையில்லை. தோட்டம் பிற்பாடு பெரிதாகலாம் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். ஆர்எஃப்எம்69எச்சிடபிள்யூவும் லோரா வகையான ஆர்எஃப்எம்95டபிள்யூவும் ஒரே கால் அமைப்பு கொண்டவை. அடிப்பலகை ஒன்று செய்துவைத்தால் பின்னால் ரேடியோவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: "மெஷ்" வலை என்றால் ஒரு சென்சார் இன்னொன்றின் தகவலைக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும், எல்லாமே பேட்டரியில் ஓடும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. கைமாற்றுகிறவர் விழித்திருக்கவேண்டும். ரேடியோவைக் கேட்கும் நிலையில் வைத்திருப்பது அனுப்புவதைப் போலவே செலவு பிடிக்கும் வேலை. ஆர்எஃப்எம்69 கேட்டுக்கொண்டிருக்கும்போது 16 மில்லிஆம்பியர் எடுக்கிறது. ஐந்தாறு நாளில் ஏஏ பேட்டரி காலி. அதனால்தான் ஜிக்பீ என்ற மெஷ் வலை முறையிலும் இடைநிலையில் நிற்கும் ரவுட்டர்களுக்குச் சுவர் மின்சாரம் வேண்டியிருக்கிறது. பேட்டரியில் ஓடுபவை கடைக்கோடியில் தூங்கித் தூங்கி எழுபவைதான்.

எல்லாரும் ஒரே நேரத்தில் விழித்து, பேசி, ஒரே நேரத்தில் தூங்கும் முறைகளும் இருக்கின்றன. ஆனால் அதற்குக் கடிகாரங்கள் நன்றாக ஒத்துப்போகவேண்டும், மென்பொருளும் தேர்ந்ததாக இருக்கவேண்டும். ஏழெட்டு சென்சாருக்கு அந்தத் தலைவலி எதற்கு? நடுவில் ஒரே ஒரு போர்டை மின்சாரத்தில் வைத்து, மற்றவை நேராக அதனிடம் பேசட்டும். எட்டாத மூலைக்கு மட்டும், மின்சாரம் உள்ள இடத்தில் இன்னொரு போர்டை இடைத்தரகராக நிறுத்துங்கள்.

கேள்வி: பிஎம்இ280 சென்சார் வாங்கினேன். வெப்பமும் காற்றழுத்தமும் வருகிறது, ஈரப்பதம் மட்டும் வரவில்லை.

பதில்: உங்களுக்கு வந்திருப்பது பிஎம்பி280. அதில் ஈரப்பதம் அளக்கும் பகுதியே கிடையாது. பலகையின் மேல் இரண்டு பெயரையும் சேர்த்தே அச்சிட்டு விற்கிறார்கள், எது ஒட்டியிருக்கிறதென்று சொல்வதில்லை. நடுவில் இருக்கும் வெள்ளி நிறச் சின்னப் பெட்டியைப் பாருங்கள். சதுரமாக இருந்தால் பிஎம்இ, நீள்சதுரமாக இருந்தால் பிஎம்பி. சிப்பின் அடையாள எண்ணைப் படித்தும் பார்க்கலாம்: ஹெக்ஸ் எண்ணில் பிஎம்இக்கு 60, பிஎம்பிக்கு 58. அந்த எண் தெரியும் திரையைப் படம் எடுத்து அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இதில் தயங்க ஒன்றுமே இல்லை.

கேள்வி: வாங்கிய போர்டு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று மல்டிமீட்டரில் பார்க்கப்போனால், மீட்டரை இணைத்ததும் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது. போர்டில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. மைக்ரோஆம்பியர் அளவில் வைத்த மீட்டருக்குள் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. மலிவான மீட்டரில் அது நூறு ஓம்ஸுக்கு மேல்கூட இருக்கும். போர்டு விழித்து 50 மில்லிஆம்பியர் இழுக்கப் பார்த்தால் வோல்டேஜ் முழுவதும் அந்த ரெசிஸ்டரிலேயே விழுந்துவிடும். போர்டுக்கு மிச்சம் எதுவும் போகாது.

மீட்டரை வரிசையில் கோத்தபின் அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஒயரைக் கிளிப் போட்டு வையுங்கள். போர்டு விழித்து, அனுப்பி, தூங்கப்போகும் வரை மின்சாரம் அந்த ஒயர் வழியே போகட்டும். தூங்கியதும் கிளிப்பை எடுங்கள். திரையில் அப்போது நிற்கும் எண்தான் தூக்கச் செலவு. அடுத்த முறை விழிப்பதற்குள் கிளிப்பை மறுபடி போட்டுவிடவேண்டும். இந்த வேலையை அடிக்கடி செய்யப்போகிறீர்கள் என்றால் நார்டிக்கின் பவர் ப்ரொஃபைலர் கிட் 2 வாங்குவது நல்லது. விழிப்பு, தூக்கம் இரண்டையும் கணினித் திரையில் கோடாகவே காட்டும்.

கேள்வி: ரேடியோ போர்டு 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று வகையில் வருகிறது. 433 மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி மென்பொருளில் 868 என்று மாற்றிக்கொள்ளலாமா? கூடவே 9,900 மில்லிஆம்பியர்-மணி 18650 பேட்டரியும் (உருளை வடிவ லித்தியம் பேட்டரி) வாங்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். 433 போர்டில் உள்ள சிறு காயில்களும் கெப்பாசிட்டர்களும் அந்த அலைவரிசைக்கென்றே பொருத்தப்பட்டவை. எண்ணை மாற்றினால் சிப் கீழ்ப்படியும், ஆனால் அனுப்பும் ஆற்றலில் பெரும்பகுதி ஆன்டெனாவுக்குப் போய்ச் சேராது. நீங்கள் வசிக்கும் நாட்டில் உரிமம் இல்லாமல் எதைப் பயன்படுத்தலாம் என்று பார்த்து வாங்குங்கள். ஐரோப்பாவில் 863 முதல் 870 மெகாஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 902 முதல் 928, இந்தியாவில் 865 முதல் 868. ஐரோப்பாவில் அந்த அலைவரிசையின் பல பகுதிகளில் ஒரு மணி நேரத்தில் 36 நொடிக்கு மேல் அனுப்பக்கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. ஆன்டெனாவுக்கு ஒரு துண்டு ஒயரே போதும்: 868-க்கு 8.6 சென்டிமீட்டர், 915-க்கு 8.2, 433-க்கு 17.3. அதைச் சாலிடர் செய்யாமல் ரேடியோவை அனுப்பவிடாதீர்கள், ரேடியோவே கெட்டுப்போகலாம்.

18650 அளவில் நல்ல நிறுவனங்களின் பேட்டரிகளே 3,500-ஐ ஒட்டித்தான் தருகின்றன. 9,900 என்று உறையில் போட்டிருந்தால் அது பொய், அதே விற்பவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள். ரேடியோவைத் தனிச் சிப்பலகையாக வாங்கினால் இன்னொன்று: ஆர்எஃப்எம் வகைகளின் கால் இடைவெளி 2 மில்லிமீட்டர், பிரெட்போர்டின் (சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) துளை இடைவெளி 2.54. நேராகச் செருக முடியாது. இடையில் போடும் அடாப்டர் பலகையையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள்.