விறகடுப்புப் புகை வயிற்றுப் பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்குமா?

பாதிக்கக்கூடும், தங்கச்சி. ஐந்தாம் மாதம், விறகடுப்பில்தான் சமையல், பக்கத்து வளவில் குப்பை எரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பயந்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம், ஆனால் அசட்டையாகவும் விடாதீர்கள்.

புகையிலுள்ள காபனோரொட்சைட்டு எனும் நச்சு வாயு இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பிள்ளைக்குப் போகும் ஒட்சிசன் குறையும். பிஎம் 2.5 எனும் நுண்துகள்கள் சுவாசப்பையின் அடிவரை போய் இரத்தத்திலும் கலக்கும். 2019இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் நச்சுக்கொடியில், அதுவும் பிள்ளையின் பக்கத்திலேயே, கரித்துகள்களைக் கண்டார்கள். இப்படி நாட்கணக்கில் சுவாசித்தால் எடை 2.5 கிலோவுக்குக் குறைவாகவோ 37 வாரத்துக்கு முன்போ பிள்ளை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. எல்லோருக்கும் அப்படி நடக்காது. இரத்தச்சோகை, சாப்பாடு எல்லாம் சேர்ந்ததுதான் பிறப்பு எடை.

2022 டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து வந்த மாசடைந்த காற்றால் இலங்கையில் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் எனக்குப் பெரிய கவலை குசினிதான். மாரியில் ஈரப் பொச்சுமட்டையை வைத்து, மழைச்சாரலுக்குக் கதவையும் சாத்தி, அடுப்புக்குள் முகத்தைக் குனிந்து ஊதுகிறோமே, அந்தப் பத்து நிமிடம் மிக மோசம். அடுப்பு மூட்டுவதை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். காய்ந்த விறகு, திறந்த யன்னல். நெருப்பு மூட்ட பொலித்தீன் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டாரிடமும் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள்.

சாதாரணத் துணி மாஸ்க் நுண்துகளைச் சரியாகத் தடுக்காது. கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். வயிற்றின் உயரத்தை அளந்து பிள்ளை வளர்வதைப் பார்ப்பார்கள். புகையில் தலையிடித்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள், வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.