பர்மா நிலநடுக்க நிவாரணம்: வாசலில் கேட்டவற்றுக்குப் பதில்கள்

2025 மார்ச் 28 அன்று பர்மாவில் (இன்றைய மியான்மரில்) வந்த நிலநடுக்கத்துக்காக நம் பாப்டிஸ்ட் சபை உதவுகிறது என்று அறிவித்ததிலிருந்து, ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் கேள்வியோடு நிற்கிறார்கள். நிவாரணக் கமிட்டியில் கணக்குப் பார்க்கிறவன் என்பதால் பதில் சொல்ல வேண்டியது நான்தான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன், போதகர் ஐயாவை விட்டுவிடுங்கள்.

பெரம்பூர் அக்கா: நல்ல புடவைகள், பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சட்டைகள் மூட்டையாக இருக்கின்றன. அனுப்பலாமா?

வேண்டாம் அக்கா. சுனாமி சமயத்தில் நாகப்பட்டினம் பக்கம் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், லாரி லாரியாக வந்த பழைய துணி எடுக்க ஆளில்லாமல் ரோட்டோரம் குவிந்து கிடந்த கதையைச் சொல்வார்கள். அது உள்நாட்டிலேயே. கடல் தாண்டினால் கப்பல் கூலி, சுங்கம், அங்கே இறக்கிப் பிரிக்க ஆள், வைக்க இடம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும், அந்தக் காசுக்கு நிலநடுக்கம் வந்த மாண்டலே நகரின் சந்தையிலேயே புது லுங்கி வாங்கிவிடலாம். அந்தக் கடைக்காரனும் வீடு இடிந்து நிற்கிறவன்தானே, அவனுக்கும் வியாபாரம் ஆகட்டும்.

வியாசர்பாடி தம்பி: நம் ஊரிலேயே இல்லாதவர்கள் இவ்வளவு பேர் இருக்க பர்மா எதற்கு அண்ணா? அங்கே பாப்டிஸ்ட் சபை இருக்கிறதா?

வியாசர்பாடிக்காரனே இதைக் கேட்கலாமா தம்பி! உன் தெருவில் பாதிப் பேருடைய தாத்தா அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர், சாயங்காலம் நீ வாங்கிச் சாப்பிடுகிற அத்தோ நூடுல்ஸ் அவர்கள் கொண்டுவந்தது.

சபை விஷயத்துக்கு வருகிறேன். அதோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனரி 1812இல் கல்கத்தா வந்து அங்கேதான் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து பாப்டிஸ்ட் ஆனார். கிழக்கிந்தியக் கம்பெனி அவரை இந்தியாவில் இருக்க விடவில்லை. மொரீஷியஸ் போய்ச் சுற்றிக்கொண்டு 1813 ஜூனில் நம் மெட்ராஸில் வந்து இறங்கினார், இங்கேயும் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், உடனே கிளம்பக்கூடிய ஒரே கப்பல் எதுவோ அதில் ஏறினார். அது ரங்கூன் போகிற கப்பல். பர்மிய மொழியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்தவர் அவர். இன்றைக்கு காச்சின், கரென், சின் மக்களிடையே பாப்டிஸ்டுகள் ஏராளம், அந்தச் சபைகளின் கூட்டமைப்பான மியான்மர் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 1865இல் தொடங்கியது.

உள்ளூர் ஏழைகளுக்கான நிதி தனியாக இருக்கிறது, அதிலிருந்து ஒரு ரூபாயும் இதற்கு எடுக்கவில்லை.

அயனாவரம் பிரதர்: சபைக் கணக்கிலிருந்து நேராக மாண்டலே சபைக்கு அனுப்பினால் ஆச்சு. எஃப்.சி.ஆர்.ஏ. இல்லை என்று பயப்படுகிறீர்களா?

இதைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறீர்கள். எஃப்.சி.ஆர்.ஏ. வெளிநாட்டிலிருந்து உள்ளே வருகிற பணத்துக்கான சட்டம். நாம் அனுப்புவது வெளியே, அதற்கு ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம், ரிசர்வ் வங்கி விதிகள். தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடக்கம், ஆனால் நம் சபை போன்ற டிரஸ்டுக்கு அந்தத் திட்டம் கிடையாது. அதோடு, வரிவிலக்கு பெற்ற டிரஸ்ட் தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி இல்லாமல் அந்தத் தொகைக்கு விலக்கு கிடைக்காது. நல்ல மனசோடு செய்துவிட்டு ஆடிட்டரிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அதனால்தான் காணிக்கைப் பையில் போடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்கிறோம். சபையில் கொடுக்க வேண்டியது, இவ்வளவு தருகிறேன் என்று எழுதும் உறுதிச்சீட்டு மட்டும். பணத்தை உங்கள் கணக்கிலிருந்து, உங்கள் பேரில், நீங்களே அனுப்ப வேண்டும். பான் எண்ணும் வங்கியின் ஏ2 படிவமும் வேண்டும், நிரப்பத் தெரியாவிட்டால் கமிட்டியில் இரண்டு பேர் உட்கார்ந்து உதவுகிறோம். நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகை கிடைக்காது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாண்டலேக்கு நேராக அனுப்பாததற்கு இன்னொரு காரணம், எஃப்.ஏ.டி.எஃப். என்ற, கறுப்புப் பண மோசடியைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பு 2022 அக்டோபரில் மியான்மரைக் கறுப்புப் பட்டியலில் வைத்தது, எந்த வங்கியும் அந்தப் பேரைப் பார்த்தாலே ஆயிரம் கேள்வி கேட்கும். ஆகவே உலக பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பான பாப்டிஸ்ட் வேர்ல்ட் அலையன்ஸின் நிவாரண நிதிக்கு அனுப்புகிறோம். 1905இல் லண்டனில் உருவானது, இப்போது வர்ஜீனியாவில் அலுவலகம். அந்தந்த நாட்டுச் சபைகளின் கை வழியாகத்தான் வேலை செய்வார்கள். எனக்கு அதுதான் முக்கியம், எந்தத் தெருவில் கூரை இல்லை, எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள் என்று அங்கே இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

புரசைவாக்கம் ஐயா: சி.எஸ்.ஐ.யில் பிஷப் ஒரு சுற்றறிக்கை விட்டால் முடிந்தது. நமக்கு ஏன் இத்தனை கூட்டம், ஓட்டெடுப்பு?

நமக்கு பிஷப் இல்லை ஐயா. ஒவ்வொரு சபையும் தானே தன்னை ஆளுகிறது, கன்வென்ஷனும் அலையன்ஸும்கூட நாமாகச் சேர்ந்துகொண்டவை, உத்தரவு போட முடியாது. நேரம் ஆகும்தான். ஆனால் கை தூக்கி ஓட்டுப் போட்டவர் அப்புறம் கணக்குக் கேட்பார், எனக்கு அந்தப் பயம் நல்லது.

அண்ணாநகர் சகோதரி: உதவி கிறிஸ்தவர்களுக்கு மட்டுமா? சுவிசேஷக் கைப்பிரதி சேர்த்துக் கொடுப்பார்களா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நிலநடுக்கம் வந்தது ரமலான் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகை நேரம், சகாய்ங், மாண்டலே பகுதியில் பள்ளிவாசல்கள் ஆட்களோடு இடிந்தன. புத்த விகாரங்களும் விழுந்தன. அந்த ஊர்களில் போய் முதலில் உன் மதம் என்ன என்று கேட்டால் அது நிவாரணமே இல்லை.

பழைய கதை ஒன்று. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஓங்கோலில் ஜான் கிளவ் என்று ஒரு அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார், நில அளவை தெரிந்தவர். சும்மா கஞ்சி ஊற்றாமல், பக்கிங்காம் கால்வாயில் சில மைல் தூரத்தை வெட்டும் குத்தகையை அரசிடம் எடுத்து ஜனங்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். ஆமாம், நம் மயிலாப்பூர், திருவான்மியூர் வழியாக நாறிக்கொண்டு போகிறதே, அதே கால்வாய்தான். அப்போது ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று நிவாரணம் நடக்கிறவரை மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். நிவாரணம் முடிந்த பிறகு 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் எடுத்தார்கள். அதற்கும் விமர்சனம் வந்தது, பசியை மறந்துவிட்டு எவன் முடிவெடுப்பான் என்று கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அவர் போட்ட கோடு சரியான கோடு. அரிசி மூட்டைக்குள் கைப்பிரதி வைப்பது எனக்குப் பிடிக்காது, கமிட்டியிலும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

வாலிபர் ஐக்கியம்: அமெரிக்காவில் மஞ்சள் சட்டை போட்டு பாப்டிஸ்ட் டீம் இறங்குகிறதே, நாங்களும் போகட்டுமா?

அவர்கள் 1967இல் டெக்சாஸில் பியூலா புயலுக்குச் சமைத்துப் போட ஆரம்பித்து, பயிற்சி, நடமாடும் சமையற்கூடம், மரம் அறுக்கும் குழு என்று பல வருஷம் வளர்த்தவர்கள். நீங்கள் விசாவும் மொழியும் இல்லாமல், ராணுவத்தின் கை ஓங்கியிருக்கிற இடத்தில் போய் இறங்கினால் உங்களைக் காப்பாற்றவே நாலு பேர் வேண்டும். இந்தியாவே ஆபரேஷன் பிரம்மா என்று விமானமும் கப்பலும் மீட்புப் படையும் ராணுவ மருத்துவமனையும் அனுப்பியது. கை பரபரத்தால் முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள், அடுத்த டிசம்பர் மழைக்குச் சென்னையிலேயே வேலை இருக்கும்.

கொளத்தூர் தம்பதி: அநாதையான ஒரு குழந்தையை அழைத்து வந்து வளர்க்க ஆசை.

ஆசை நல்லதுதான், வழி ஆபத்து. 2010இல் ஹைட்டி நிலநடுக்கம் முடிந்த சில வாரத்திலேயே, பத்து அமெரிக்க பாப்டிஸ்டுகள் 33 குழந்தைகளை உரிய ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பார்த்துக் கைதானார்கள். விசாரித்தால் பல குழந்தைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். பேரிடரில் காணாமல் போன அப்பா அம்மா பல நாள் கழித்தும் தேடி வருவார்கள். அந்தக் குழந்தை சொந்தக்காரர்களோடு அங்கேயே இருக்க உதவுங்கள்.

வில்லிவாக்கம் பிரதர்: முதல் வாரமே மொத்தத்தையும் அனுப்பாமல் ஏன் தவணை?

முதல் மூன்று நாள் மீட்பு, அது நம் கையில் இல்லை. அப்புறம் தண்ணீர், தார்ப்பாய், அரிசி. மே மாதக் கடைசியில் அங்கே மழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் கூரை. டி.வி.யில் செய்தி நிற்கிற நாளில்தான் வீடு கட்டும் செலவு தொடங்குகிறது. 2015 ஏப்ரலில் நேபாளம் ஆடியது ஒரு சனிக்கிழமை, அங்கே சபை கூடுகிற நாளே சனிதான், ஆராதனையில் இருந்தவர்கள் மேலேயே கட்டடம் விழுந்தது. அந்த ஊர்களில் மறுபடி கட்ட வருஷக்கணக்காக ஆனது. உறுதிச்சீட்டில் மூன்று தவணை போட்டிருப்பது அதனால்தான்.

பேர் வேண்டாம் என்றவர்: சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தில் இதைக் கழித்துக்கொள்ளலாமா?

பேர் போடாததிலேயே பதில் உங்களுக்குத் தெரிகிறது.